பச்சை முடியும் இடம்

எங்கள் ஊர் நடுவக்குளத்தில், அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் கால்நாட்டு வைத்திருந்த செவ்வாய்க்கிழமை காலையில், ஊர் கிழக்கே பச்சையாகத் தொடங்கி, நடுவே மஞ்சளாகக் கனிந்து, மேற்கே சிவப்பாகப் போய் நின்றது. பால் கறக்க எழுந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, ஊர் எந்த நிறத்தில் இருந்தால் என்ன, மடி கனத்த மாடு காத்திருக்குமா என்று உட்கார்ந்து கறந்தார்கள். பால் வெள்ளையாகத்தான் வந்தது. பால், சோறு, மனிதத் தோல், கண், பிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் திரை இவற்றை மட்டும் விட்டுவிட்டு, மண், சுவர், ஓடு, கொடிக்கம்பி, கொடியில் காய்ந்த வேட்டி, வேட்டிக்குக் கீழே படுத்திருந்த நாய், நாய்க்குப் பக்கத்தில் நின்ற பைக் என்று மற்ற எல்லாமும் தாம் நிற்கிற இடத்தின் நிறத்தை எடுத்துக்கொண்டிருந்தன. நாய் எழுந்து மேற்கே நாலு எட்டு வைத்தால் நாலு எட்டுக்கு உண்டான சிவப்பு அதன்மேல் ஏறியது, திரும்பி வந்தால் இறங்கியது. நாய் அதைப் பொருட்படுத்தவில்லை.

இது எப்படி வந்தது என்று வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். பிரம்மசக்தி கம்ப்யூட்டர் படித்ததால் வந்தது என்று சொல்லுவோம். அதற்கு மேலே துருவித் துருவிக் கேட்பவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவோம்.

நிறம் எங்களுக்குப் புதிதில்லை. கீழத்தெருவுக்குப் பச்சை, மேலத்தெருவுக்குச் சிவப்பு என்று எந்தக் காலத்திலோ யாரோ பிரித்து வைத்துவிட்டார்கள். கரண்டுக் கம்பத்தில் ஆள் உயரத்துக்கு அந்தப் பெயின்ட், மாட்டுக் கொம்பில் அந்தப் பெயின்ட், கபடிப் பனியனில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ரிப்பனில், அடிபம்பின் கைப்பிடியில்கூட அந்தந்த நிறம். இரண்டு தெருவும் சந்திக்கிற இடத்தில், மைதீன் அண்ணாச்சியின் டீக்கடைக்கு முன்னால், ரோட்டின் குறுக்கே ஒரு சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் மிதிக்கக்கூடாது, அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் மிதிக்கக்கூடாது. டீக்கடைப் பெஞ்சு ஒன்றுதான், அதற்கு நடுவிலும் ஒரு கோடு. மைதீன் அண்ணாச்சி எந்தத் தெருவும் இல்லை என்பதால் அவரையும் பாய்லரையும் கோட்டின் மேலேயே வைத்திருந்தோம். எல்லோருக்கும் ஒரே அம்மன், ஒரே கொடை, ஒரே மழை, ஒரே கொசு. ஆனாலும் கோடு கோடுதான்.

ஒவ்வொரு கொடைக்கும் டீக்கடைக்கு மேலே நாற்பது அடி பிளெக்ஸ் ஒன்று கட்டுவோம். அதில் தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி எடுத்த ஊரின் படம் இருக்கும். படத்தின் கிழக்குப் பாதியில் பச்சை பூசியிருக்கும், மேற்குப் பாதியில் சிவப்பு பூசியிருக்கும். கால்நாட்டு அன்று காலையில் கீழத்தெரு நாட்டாமை பரமார்த்தலிங்கமும் மேலத்தெரு நாட்டாமை உச்சிமாகாளியும் ஏணி வைத்து ஏறி, இன்ச் டேப்பைப் பிடித்து, கோடு சரியாக இருபதாவது அடியில் விழுந்திருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் பந்தலுக்குக் குழி தோண்டவே விடுவார்கள். ஒரு தடவை கோடு நாலு விரல் கிழக்கே தள்ளிவிட்டது என்று மூன்று வருஷம் எங்கள் அம்மன் கொடை இல்லாமல் இருந்தாள்.

அந்தப் பிளெக்ஸை அடிக்கிறவர் மேலத்தெரு சொரிமுத்து. அவர் மனைவிதான் பிரம்மசக்தி. பிறந்தது கீழத்தெரு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், நோட்டீஸ் ஒட்ட வந்த சொரிமுத்துவைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒரு நாள் இந்தப் பக்கம் வந்துவிட்டாள். அன்றைக்கு அவளுடைய அக்கா உலகம்மாள் அம்மன் முன்னால் சூடத்தை ஏற்றி, “பச்சை முடியுத எடத்துக்கு அங்கிட்டு என் காலு போவாது, போனா நீ என்னயக் கேளு தாயே” என்று சத்தியம் செய்துவிட்டாள். கோபம் நாற்பது நாள்தான் இருந்தது. சத்தியம் இருந்துவிட்டது. அக்காவும் தங்கையும் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் நின்று பேசிக்கொள்வார்கள், கோட்டுக்கு மேலே தூக்குச்சட்டி கைமாறும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் உலகம்மாள் பாய்லருக்குப் பக்கத்தில் வந்து நின்று, இருநூறு எட்டு தள்ளி வீட்டோடு சேர்ந்திருக்கிற பிளெக்ஸ் கடைக்குக் கேட்கிற மாதிரி, “ஏட்டி சக்தீ” என்று ஒரு சத்தம் போடுவாள். அந்தச் சத்தத்துக்கு எங்கள் ஊர்ப் புறாக்கள் பழகிவிட்டன. ஆனால் தங்கச்சி வீட்டு அடுப்பில் என்ன பாத்திரம் இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியாது. தன் வாசலை அக்கா மிதித்து, ஒரு வாய் தன் கையால் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும், அது ஒன்றுதான் சக்தி அம்மனிடம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இந்த வருஷம் கொடைக்குப் பத்து நாள் இருக்கையில் சொரிமுத்து ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கையில் மாவுக்கட்டு, வயிற்றில் வலி மாத்திரை, கண்ணில் தூக்கம். மவுஸைப் பிடிக்கக் கடையில் வேறு கை இல்லை. சக்தி அதுவரை கம்ப்யூட்டரைத் துடைத்திருக்கிறாள், சாம்பிராணி காட்டியிருக்கிறாள், அவ்வளவுதான்.

“ஏட்டி, பயப்படாத. அது என்ன கடிக்கவா செய்யும்” என்றார் சொரிமுத்து, கடைக்குள்ளேயே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு.

“கடிச்சாக்கூட மருந்து இருக்கு. இது என்ன செய்யும்னே தெரியலியே.”

முதலில் ஓரம். அம்மன் கையில் கிளி இருப்பதால் பிளெக்ஸின் நாலு ஓரத்திலும் கிளி போடுவது வழக்கம். முப்பது கிளி வரையவேண்டுமா என்று சக்தி மலைத்துப் போனாள். ஒரு கிளி வரைந்தால் போதும், அதைச் சுற்றிப் பெட்டி போட்டு, பேட்டர்ன் என்று சேர்த்து ஒரு பேர் வைத்துவிட்டால், அப்புறம் எத்தனை அடி ஓரம் இருந்தாலும் கொட்ட வேண்டியதுதான், கிளி தானாக வரிசை கட்டி உட்காரும் என்றார் சொரிமுத்து. ஒரு மத்தியானம் முழுக்க மவுஸோடு மல்லுக்கட்டி அவள் ஒரு கிளி வரைந்தாள்.

“கோழி நல்லாருக்கே.”

“கிளிங்க அது.”

“கிளிதான், கிளிதான். மூக்க மட்டும் கொஞ்சம் வளச்சு விடு.”

மூக்கை வளைத்து, பெட்டி போட்டு, பேர் வைத்துக் கொட்டினாள். அவளுடைய ஒரே கிளி நாலு ஓரத்திலும் ஒரே இடைவெளியில், ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, வரிசை வரிசையாக வந்து உட்கார்ந்ததும் சக்தி கைதட்டிவிட்டாள். தான் வரைந்தது இத்தனை தடவை நன்றாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

“கடசிக் கிளி மட்டும் பாதியில நிக்குது, பின்பக்கத்தக் காணல.”

“பெட்டி ஓரத்துல முட்டிச்சுன்னா அப்பிடித்தான் வெட்டுப்படும். அத எவன் பாக்கப் போறான்” என்று சொல்லிவிட்டு மாத்திரை மயக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள், திங்கட்கிழமை, நிறம் பூசுகிற வேலை. பாதியைப் பெட்டி போட்டுப் பிடி, இடது பக்க வரிசையில் பெயின்ட் பக்கெட் இருக்கும், அதை எடுத்துப் பச்சையைக் கொட்டு, மறு பாதியைப் பிடித்துச் சிவப்பைக் கொட்டு, முடிந்தது வேலை என்று சொல்லிவிட்டுச் சொரிமுத்து தூங்கிப் போனார். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று. அந்தப் பக்கெட் இருக்கிற அதே பொந்துக்குள்தான் ஷேடு அடிக்கிற கிரேடியன்ட்டும் குடியிருக்கிறது. கடைசியாக எதை எடுத்தோமோ அதுதான் வாசலில் நிற்கும், மற்றது உள்ளே போய்விடும். போன வாரம் ஒரு கல்யாணப் பிளெக்ஸின் எழுத்துக்கு ஷேடு அடித்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்.

சக்தி பக்கெட் இருக்கவேண்டிய இடத்தில் இருந்ததை எடுத்தாள். பாதியைப் பிடிக்க மறந்துபோனாள். முன்னால் பச்சை, பின்னால் சிவப்பு என்று வைத்துக்கொண்டு, எங்கே கொட்டுவது என்று தெரியாமல், ஊர்ப் படத்தின் கிழக்கு ஓரத்தில் அழுத்தி, கையை எடுக்காமல் மேற்கு ஓரம் வரைக்கும் இழுத்து விட்டாள். பச்சை சிறிது சிறிதாகக் கரைந்து சிவப்பில் போய்ச் சேர்ந்தது. நடுவில் மட்டும், டீக்கடை இருக்கிற இடத்தில், சேற்று நிறம்.

“என்னங்க, நடுவுல சேறு மாதிரி கெடக்கு.”

அவர் எழுத்துக்கு அடிக்கிற ஷேடைத்தான் சொல்லுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே, “பட்டைக்குக் கீழ குட்டி வீடு மாதிரி ரெண்டு நிக்கும் பாரு. நடுவுல ஒரு தட்டு தட்டு, இன்னொரு வீடு மொளைக்கும். அதுக்கு மஞ்ச குடு, சேறு போயிரும்” என்றார்.

தட்டினாள். கிழக்குக் கோடியில் ஒரு பச்சை வீடு, மேற்குக் கோடியில் ஒரு சிவப்பு வீடு என்று திரையில் தெரிந்த நிறப் பட்டைக்குக் கீழே, நடுவில் புதிதாக ஒரு வீடு முளைத்தது. மஞ்சள் கொடுத்தாள். சேறு போய், டீக்கடை மேல் பூவரசம் பூ நிறத்தில் வெயில் அடித்த மாதிரி ஆனது. குட்டி வீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் தள்ளினால் நிறங்கள் முட்டிக்கொண்டு கோடு விழுகிறது, தூரத் தூர வைத்தால் கோடு கரைந்து போகிறது என்பதையும் அவளே தள்ளித் தள்ளிப் பார்த்துக் கண்டுபிடித்தாள். இது பிளெக்ஸுக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். நடுவக்குளத்தில் பிறந்து கோடு தெரியாதவள் யார்? ஆனால் படத்தில் அக்கா வீட்டு ஓட்டிலிருந்து தன் வீட்டு ஓடு வரைக்கும் விரலை வைத்து நகர்த்திப் பார்த்தாள். விரல் எங்கேயும் தடுக்கவில்லை. பிரிண்ட் கொடுத்துவிட்டாள். கேட்டால் தெரியாமல் செய்துவிட்டேன், புதுசு என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

சாயங்காலம் பிளெக்ஸைக் கட்டினார்கள். கட்டியவர்கள் சுருளை அவசரமாகப் பிரித்து, கயிற்றை இழுத்து முடிந்துவிட்டுப் போய்விட்டார்கள். விடிந்ததும் பரமார்த்தலிங்கமும் உச்சிமாகாளியும் இன்ச் டேப்போடு வந்தபோது, அளப்பதற்குப் பிளெக்ஸில் கோடு இல்லை. கீழே பார்த்தால் ரோட்டிலும் இல்லை. சுண்ணாம்பு வாளியைக் கொண்டுவரச் சொல்லி, பரமார்த்தலிங்கமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கோடு இழுத்தார். வாளியில் இருந்த சுண்ணாம்பே மஞ்சளாக இருந்தது. மஞ்சள் மண்ணில் மஞ்சள் கோடு, சுண்ணாம்பு மட்டையை எடுக்கும் முன்னாலேயே எது கோடு என்று தெரியாமல் போய்விட்டது.

“இது என்னவே கூத்து” என்றார் உச்சிமாகாளி.

“உம்ம தெருக்காரி செஞ்ச வேலை.”

“அவ பொறந்தது உம்ம தெருவுல.”

அன்றைக்குப் பந்தல்கால் நட்டாகிவிட்டது, நல்ல நேரம் போய்விடக்கூடாது என்பதால். சண்டையைக் கொடைக்குள் முடித்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேருமே பெருந்தன்மையாக விட்டார்கள்.

அடுத்த ஆறு நாளில் நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம். மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான்? மினிபஸ் கண்டக்டர் இரண்டாவது நாளே, “கிளிப்பச்சையெல்லாம் எறங்கு, எலுமிச்சை எறங்கு, மாம்பழம் ரெண்டு பேரு வாசலுக்கு வா, செங்கலு கடசி” என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஊரின் நாலு எல்லையிலும், வேலியிலும் கம்பத்திலும் மைல்கல்லிலும், ஐம்பது எட்டுக்கு ஒரு கிளி உட்கார்ந்திருந்தது, எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி, எல்லாம் கொஞ்சம் கோழிச் சாடையில். வடமேற்கு மூலையில் மட்டும் ஒரு கிளிக்கு முன்பாதிதான் இருந்தது, பின்பாதி தங்கள் எல்லைக்குள் இருப்பதாகப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து சொன்னார்கள். கொய்யாப்பழத்தை நாங்கள் கொடுத்தோம், மற்றதை அவர்கள் கூட்டி அள்ளினார்கள். தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்து கிழக்கேயிருந்து மேற்கே நடந்து பார்த்து, கையிலிருந்த படிவத்தில் இதற்கென்று கட்டம் இல்லாததால், ‘இதர விவரம்’ என்ற இடத்தில் ‘ஊர் நன்றாக உள்ளது’ என்று எழுதி, தன் வெள்ளைச் சட்டை மாம்பழ நிறத்தில் எடுப்பாக இருப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு போனார்.

பெண்கள்தான் முதலில் கோடு இருந்த இடத்தைத் தாண்டினார்கள். ஒரே சேலையைக் கட்டிக்கொண்டு கிழக்கேயிருந்து நடந்தால் அது ஐம்பது சேலையாகிறது என்று தெரிந்தபின் யார் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பார்கள்? தனக்கு எந்த நிறம் எடுக்கிறது என்று பார்க்கப் புறப்பட்டார்கள். பரமார்த்தலிங்கத்தின் மனைவிக்குச் செங்கல் நிறம் பொருந்தியது. அது மேலத்தெரு அடிபம்புப் பக்கம் என்பதால் அவள் அங்கேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பூக்கட்ட ஆரம்பித்துவிட்டாள். உச்சிமாகாளியின் அம்மா, பச்சைதான் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவாள். ஆடுகள் எந்தத் தெரு ஆடு என்று தெரியாமல் போனது. கபடிக்காரர்கள் விளையாடுகையில் பனியன் மாறிக்கொண்டே இருந்ததால் பாதி ஆட்டத்தில் தன் ஆளையே பிடித்தார்கள், சிரித்துக்கொண்டே விட்டார்கள்.

இத்தனை பேர் போய்வந்தும் உலகம்மாள் மட்டும் வரவில்லை. மற்றவர்கள் மீறியது ஊர்க் கட்டுப்பாட்டை. அவள் மீறினால் அது அம்மனுக்குக் கொடுத்த வாக்கு. தினமும் பாய்லர் வரைக்கும் வந்து, மண்ணைக் குனிந்து பார்த்து, ஏற்கெனவே தாண்டிவிட்டேனோ என்று பயந்து நாலு எட்டு பின்னால் போய் நின்று சத்தம் கொடுத்தாள். சக்தியும் வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டு, அவள் வந்து, அம்மன் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு நடுக்கம்.

நாட்டாமைகள் இருவரும் இதற்குள் பச்சை முடியும் இடத்தைத் தேடிக் களைத்துப் போயிருந்தார்கள். பெயின்ட் கடையிலிருந்து அறுநூறு நிறம் உள்ள அட்டையைக் கொண்டுவந்து மண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எந்த இடத்தில் நின்று விரித்தாலும் அறுநூறு கட்டமும் அந்த இடத்து நிறமாகவே ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளெக்ஸ் கடைக்கு வந்தார்கள்.

“ஏ சக்தி, ஒன் பெட்டியில பாத்துச் சொல்லு. பச்சை எங்க முடியுது?”

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஊர் சின்னச் சின்னக் கட்டமாக உடைகிற வரைக்கும் காட்டினாள். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“எங்கயும் முடியல மாமா. கொறையுது. அம்புட்டுதான்.”

“அப்ப முடியுத மாதிரி செய்யி” என்றார் பரமார்த்தலிங்கம். “நாளைக்குச் சாயந்தரம் ஆறு மணிக்குள்ள புது பிளெக்ஸு. கோடு இருபதாவது அடியில. கோடு இல்லாம கொடை இல்ல.” உச்சிமாகாளி அதற்கு ஆமாம் என்றார். பதினாலு வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான்.

திங்கட்கிழமை காலையில் சக்தி மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் வீட்டைக் கீழே இழுத்து அழித்துவிட்டு, பச்சை வீட்டையும் சிவப்பு வீட்டையும் நடுவில் ஒன்றோடு ஒன்று ஒட்டினால் போதும், கத்தியால் வெட்டிய மாதிரி கோடு வந்துவிடும். ஒட்டினாள். வந்துவிட்டது. பிரிண்ட் கொடுப்பதுதான் பாக்கி.

“தெரிஞ்சேதான அன்னைக்குச் செஞ்ச?” என்றார் சொரிமுத்து, கட்டிலில் எழுந்து உட்கார்ந்து.

சக்தி திரும்பவில்லை. “பாதி தெரியாமச் செஞ்சேன். மீதி தெரிஞ்சு செஞ்சேன்.”

“அடிக்காட்டி ரெண்டு தெருவும் நம்ம கடைய மிதிக்க மாட்டான். கொடையும் நின்னுபோவும்.”

“தெரியும்ங்க. அடிச்சா எங்கக்கா இந்த வாசல எந்தக் காலத்துலயும் மிதிக்க மாட்டா. அதுவும் தெரியும்.” அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். “ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்குல்லா. இருக்கட்டும்.”

அவர் எழுந்து வந்தார். மாவுக்கட்டுப் போட்ட கையை அவள் தோளில் வைத்தார். அது கனமாக இருந்தாலும் அவள் எடுக்கச் சொல்லவில்லை.

அன்று நண்பகலில், வழக்கமாகக் கொடைக்கு முந்தின நாள் செய்வது போல, உலகம்மாள் உளுந்தங்களி கிண்டித் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். வீட்டுவாசலில் இறங்கும்போது அவள் சேலை நல்ல பச்சை, மண்ணும் நல்ல பச்சை. ஒரு எட்டு வைத்தாள். நின்று சேலையையும் மண்ணையும் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன, முந்தின எட்டில் இருந்ததுதான் இந்த எட்டிலும் இருந்தது. அடுத்த எட்டு. பார்த்தாள். அடுத்த எட்டு. களி ஆறிப்போகுமே என்ற கவலையும் அவளுக்கு இருந்ததால் கொஞ்சம் வேகமாகவே பார்த்தாள். நாங்கள் வேலையை விட்டுவிட்டு ரெண்டு பக்கமும் வரிசையாக நின்றோம்.

பாய்லரைத் தாண்டியபோது மைதீன் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. “உலகம்மாக்கா, கடையத் தாண்டிட்டிய.”

“கடையத் தாண்டுனா தாண்டட்டும். பச்சையத் தாண்டுனனா?”

அண்ணாச்சி அவளுக்குப் பின்னால் மண்ணைப் பார்த்தார், முன்னால் மண்ணைப் பார்த்தார், அவள் சேலையைப் பார்த்தார். “தெரியலியேக்கா.”

“தெரியலல்லா? அப்ப செத்த சும்மா இரும்.”

அப்படியே எலுமிச்சையில் நடந்தாள், மாம்பழத்தில் நடந்தாள், செங்கலில் நடந்தாள், அடிபம்புக்குப் பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பரமார்த்தலிங்கத்தின் மனைவி எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்க்காமல் நடந்தாள், ஒவ்வொரு எட்டிலும் குனிந்து, ஒவ்வொரு எட்டிலும் முந்தின எட்டை நினைத்து, ஒரு எட்டில்கூட அம்மனிடம் பொய் சொல்லாமல் நடந்து, பிளெக்ஸ் கடை வாசல்படியில் காலை வைத்தாள். வைத்த இடத்திலிருந்து, “ஏட்டி சக்தீ” என்று கூப்பிட்டாள். பத்தொன்பது வருஷப் பழக்கம். இரண்டு எட்டு தூரத்தில் இருந்தவளை இருநூறு எட்டுக்கு உண்டான சத்தத்தில்தான் கூப்பிட்டாள். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. சொரிமுத்து கட்டிலிலிருந்து விழப் பார்த்தார்.

சக்தி எழுந்தாள், நாற்காலி சாய்ந்தது, கீபோர்டு கீழே விழுந்தது. “மெல்லப் பேசுக்கா, காது கிழியுது” என்று சொல்லிவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள், நடுவில் தூக்குச்சட்டி இடித்தது. வெளியே நின்ற நாங்களும் அழுதோம். குலவை போட்டவர்கள் எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை.

உலகம்மாள் சாப்பிட்டாள். சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் அப்பளமும், தங்கச்சி கையால். அடுப்படிக்குள் போய் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் பார்த்து, இது என் கல்யாணத்துக்கு வந்த குத்துப்போணி அல்லவா, எப்போது தூக்கிக்கொண்டு வந்தாய் என்று ஒரு சின்னச் சண்டையும் போட்டாள்.

ஆறு மணிக்கு நாட்டாமைகள் வந்தார்கள். கடைக்குள் உலகம்மாள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பரமார்த்தலிங்கத்துக்கு முகம் சுருங்கியது.

“உலகம்மா, எந்த எடத்துல தாண்டுன?”

“நான் எங்க தாண்டுனேன்? பச்சையில கெளம்புனேன், நடந்தேன். எந்த எடத்துல முடிஞ்சிதுன்னு நீங்க வந்து காட்டுங்க, இப்பவே அங்க போயி நின்னுக்கிடுதேன்.”

 சக்தி மானிட்டரைத் திருப்பிக் காட்டினாள். ஊர்ப் படத்தின் நடுவில் கோடு நறுக்கென்று இருந்தது.

“தயாரா இருக்கு மாமா. பட்டனத் தட்டுனா வந்திரும். வந்த ஒடனே அவிய அவிய நிக்குத பக்கத்துலயே நின்னுருவாவ. எங்கக்கா மேலத்தெருக்காரி ஆயிருவா. தட்டவா?”

பரமார்த்தலிங்கம் வெளியே எட்டிப் பார்த்தார். அடிபம்புக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் அவர் மனைவி ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். உச்சிமாகாளிக்குத் தன் அம்மா காலையிலிருந்து பச்சையில் இருப்பது ஞாபகம் வந்தது. யார் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று இரண்டு பேரும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துகொண்டே இருந்தார்கள். மூன்று தடவை எண்ணினார்கள், மூன்று தடவையும் வேறு வேறு தொகை.

“நாளைக்கு விடியக்காலம் எல்லாரும் வீட்டுல இருக்கையில தட்டுனா என்ன?” என்றார் உச்சிமாகாளி.

“நாளைக்குக் கொடைல்லாவே. எவன் வீட்டுல இருப்பான்?”

“அப்ப கொடை முடியட்டும்.”

“முடியட்டும்.”

கொடை முடிந்தது, ரெண்டு தெருவும் ஒரே வரிசையில் நின்று பொங்கல் வைத்தது. அதற்கப்புறம் அறுவடை வந்தது, மழை வந்தது, பொங்கல் வந்தது, ஊர் முழுக்க அவரவர் பக்கத்தில் நிற்கிற நாள் ஒன்று இன்னும் வரவில்லை. இன்ச் டேப் மைதீன் அண்ணாச்சி கடையில் ஆணியில் தொங்குகிறது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நாட்டாமைகள் போனபின் சக்தி மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, ஒட்டி வைத்திருந்த இரண்டு குட்டி வீட்டையும் பழையபடி கிழக்குக் கோடிக்கும் மேற்குக் கோடிக்கும் நகர்த்தி, நடுவில் மஞ்சளை முளைக்க வைத்தாள். உலகம்மாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

“எக்கா, இருட்டுறதுக்குள்ள கொண்டுவந்து விடட்டுமா?” என்று சக்தி கேட்டாள், மனசே இல்லாமல்.

உலகம்மாள் வாசல் வரைக்கும் போனாள். கிழக்கே பார்த்தாள். சிவப்பு ரோடு, அதற்கப்புறம் கொஞ்சம் குறைந்த சிவப்பு, அதற்கப்புறம் என்னவென்று சொல்ல முடியாத ஒன்று. திரும்பி வந்து, முந்தானையை உதறி, தலைக்கு வைக்க ஒரு பலகையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எங்கன போயி விடுவ? பச்சை எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலியே” என்றாள். “தெரியுத வரைக்கும் இங்கன இருக்கேன். நீ போயி அந்தக் குத்துப்போணியில காப்பி போடு.”